பென் டிரைவில் கணினி எழும்பவில்லையா? இயங்குதளம் மாற்றுவோர் கேட்கும் கேள்விகள்

விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, குறைந்தது 8ஆம் தலைமுறை இன்டெல் செயலி ஆகியவை எங்கள் வீடுகளில் உள்ள மடிக்கணினிகள் பலவற்றில் இல்லை. ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்கும் உறவினர் சில ஆண்டுகள் பாவித்துவிட்டுக் கொடுத்தனுப்பிய கணினிகள் அவை. இன்னும் நன்றாகவே வேலை செய்கின்றன. அவற்றை வீசிவிட மனம் வராதவர்கள் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற வருகிறார்கள். சிலர் மாறிப் பார்த்துவிட்டு விண்டோஸுக்குத் திரும்ப வருகிறார்கள். இரண்டுக்கும் புதிய இயங்குதளத்தைப் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியை எழுப்பி நிறுவவேண்டும். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் என் வீட்டு விறாந்தை மேசைக்கு வந்த இவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை. பாடசாலைப் புத்தகத்தில் ‘பணிசெயல் முறைமை’ என்று படித்த மாணவர்களுக்கு: நான் இயங்குதளம் என்று எழுதுவதும் அதைத்தான்.

பென் டிரைவ் பழுதாகிவிட்டது என்று நினைக்கிறேன். புதிதாக ஒன்று வாங்கட்டுமா?

பொறுங்கள். முதலில் ஒரு கேள்விக்கு விடை சொல்லுங்கள்: கணினி எந்த இடத்தில் நின்றது?

பூட் மெனுவில் (எதிலிருந்து எழும்புவது என்று கணினி கேட்கும் பட்டியல்) பென் டிரைவின் பெயரே தெரியவில்லை என்றால், கணினி அதைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்கவேண்டாம் என்று அதற்குச் சொல்லப்பட்டிருக்கிறது. பெயர் தெரிந்து, அதைத் தெரிவு செய்ததும் கறுப்புத் திரையில் ஒரு வரி எழுத்து வந்தால், அல்லது மீண்டும் விண்டோஸே எழும்பினால், பென் எழுதப்பட்ட முறையும் கணினி எதிர்பார்க்கும் முறையும் பொருந்தவில்லை. மின்டின் சின்னம் வந்த பிறகு திரை இருண்டால், பென் தன் வேலையைச் செய்துவிட்டது. சிக்கல் பெரும்பாலும் திரை அட்டையில் இருக்கிறது. நிறுவல் திரை வந்து, வன்தட்டு மட்டும் தெரியவில்லை என்றால், அது பயோஸில் (இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் கணினியின் அடிப்படை மென்பொருள்) உள்ள சேமிப்பக அமைப்பின் கதை.

நான்கு இடங்களுக்கும் மருந்து வேறு வேறு. ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லி ஒருவர் வந்தால் நான் முதலில் கேட்பது திரையின் படத்தைத்தான். அடுத்த முறை கணினி நிற்கும்போது கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி ஆங்கிலம் அரை நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

தரவிறக்கிய ஐ.எஸ்.ஓ கோப்பைப் பென்னில் பிரதி செய்து வைத்தேன். ஏன் எழும்பவில்லை?

ஐ.எஸ்.ஓ என்பது ஒரு முழு வட்டின் அச்சு. அதைச் சாதாரணக் கோப்பாகப் பென்னில் போட்டால், கணினிக்கு அது ஒரு படமோ பாட்டோ கிடப்பதைப் போலத்தான். அந்த அச்சை விரித்து, தொடங்கவேண்டிய கோப்புகளை உரிய இடத்தில் வைக்க ஒரு மென்பொருள் வேண்டும். விண்டோஸில் ரூஃபஸ், எந்தத் தளத்திலும் பலேனா எட்சர், மின்டில் அதனுடனேயே வரும் யூ.எஸ்.பி இமேஜ் ரைட்டர் ஆகியவை இதைச் செய்கின்றன. வென்டோய் மட்டும் வேறு வகை. அதைப் பென்னில் ஒருமுறை நிறுவிவிட்டால், பிறகு ஐ.எஸ்.ஓ கோப்புகளை அப்படியே பிரதி செய்யலாம். ஒரே பென்னில் மின்டும் விண்டோஸும் இருக்கலாம். பலருக்குத் திருத்திக் கொடுக்கிறவர்களுக்கு நான் அதைத்தான் சிபாரிசு செய்கிறேன்.

மின்டுக்கு 4 ஜி.பி. பென் போதும். விண்டோஸுக்கு 8 ஜி.பி.யாவது வேண்டும்.

தரவிறக்கம் இடையில் இரண்டு முறை அறுந்தது. கோப்பு சரியா என்று எப்படி அறிவது?

இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன், ஏனென்றால் எங்கள் இணைப்புகள் அறுகின்றன. விண்டோஸ் 11 கோப்பு 5 ஜி.பி.க்கு மேல், இன்னொரு லினக்ஸான உபுண்டு 24.04 கிட்டத்தட்ட 6 ஜி.பி., மின்ட் அதில் பாதியளவு. நள்ளிரவு டேட்டாவில் கைபேசி வழியாக இறக்கும்போது சில பைட்டுகள் குறைந்தாலும், நிறுவல் 60 வீதத்தில் நின்று, காரணம் புரியாத ஒரு பிழையைக் காட்டும். பழி பென்னில் விழும்.

ஒவ்வொரு லினக்ஸ் தளமும் தன் கோப்புக்கான ஷா-256 எண்ணை வெளியிடுகிறது. அது 64 எழுத்துகள் கொண்ட ஒரு கைரேகை. ரூஃபஸில் கோப்பைத் தெரிவு செய்ததும் அருகே சரி அடையாளம் கொண்ட ஒரு சிறு பொத்தான் இருக்கும். அழுத்தினால் உங்கள் கோப்பின் கைரேகையைக் கணித்துக் காட்டும். முதல் ஆறு எழுத்தையும் கடைசி ஆறு எழுத்தையும் ஒப்பிட்டாலே பழுதான தரவிறக்கம் அகப்பட்டுவிடும்.

இன்னும் நல்ல வழி டொரன்ட். அது கோப்பைத் துண்டு துண்டாக இறக்கி, ஒவ்வொரு துண்டையும் தானே சரிபார்க்கிறது. அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. திருட்டுப் படங்களால் அதற்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது. ஆனால் மின்டும் உபுண்டுவும் தங்கள் கோப்புகளைத் தாங்களே டொரன்டில் தருகின்றன. தீவகத்துப் பக்கம் சமிக்ஞை விட்டு விட்டு வரும் வீடுகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

எந்த விசையை அழுத்தினாலும் பூட் மெனு வரவில்லையே?

டெல், லெனோவோ, தோஷிபா: எஃப்12. எச்.பி.: எஃப்9, அல்லது முதலில் எஸ்கேப். அசூஸ் மடிக்கணினி: எஸ்கேப். ஏசர்: எஃப்12, ஆனால் பல ஏசர்களில் எஃப்2 அழுத்தி பயோஸுக்குள் போய் அந்த மெனுவை முதலில் இயக்கவேண்டும். சில மடிக்கணினிகளில் எஃப்.என். விசையையும் சேர்த்துப் பிடிக்கவேண்டும். சின்னம் வந்த பிறகு அழுத்துவது பிந்திவிட்டது. மின்பொத்தானைத் தொட்ட கணத்திலிருந்தே தட்டத் தொடங்குங்கள்.

விண்டோஸ் இன்னும் எழும்புகிறது என்றால் விசைகளோடு போராடவே வேண்டாம். ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ‘ரீஸ்டார்ட்’ அழுத்துங்கள். வரும் நீலத் திரையில் ‘யூஸ் எ டிவைஸ்’ என்பதைத் தெரிவு செய்தால் பென்னைக் காட்டும். பயோஸின் புதிய வடிவமான யூ.ஈ.எஃப்.ஐ. முறையில் இயங்கும் கணினிகளில் மட்டும் இது கிடைக்கும்.

‘ஷட் டவுன்’ செய்துவிட்டு வந்தேன் என்பார்கள். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால் அது முழுமையான அணைப்பு அல்ல, பாதித் தூக்கம். அந்தத் தூக்கத்தில் விட்ட வட்டை லினக்ஸ் திறந்தால், படிக்க மட்டும் விடும், எழுத விடாது. ஆகவே மாற்றத்துக்கு முன் ‘ரீஸ்டார்ட்’ செய்யுங்கள், அல்லது பவர் ஆப்ஷன்ஸில் அந்த வசதியை நிறுத்துங்கள்.

மெனுவில் ஒரே பென் இரண்டு தடவை தெரிகிறது. எதைத் தெரிவு செய்வது?

முன்னால் யூ.ஈ.எஃப்.ஐ. என்று எழுதப்பட்டதும் எழுதப்படாததும் ஆக இரண்டு. முன்னது புதிய முறை, பின்னது பழைய பயோஸ் முறை. ஏறக்குறைய 2012-க்குப் பின் வந்த கணினிகளுக்கு யூ.ஈ.எஃப்.ஐ. வரியையே தெரிவு செய்யுங்கள்.

இந்தத் தெரிவை யோசிக்காமல் செய்வதால் வரும் துன்பம் பெரிது. பழைய முறையில் எழும்பி நிறுவினால் புதிய இயங்குதளமும் பழைய முறையிலேயே உட்காரும். ஏற்கெனவே உள்ள விண்டோஸ் புதிய முறையில் இருந்தால், இரண்டும் ஒரே மெனுவில் சேராது. ‘மின்ட் போட்டதும் விண்டோஸ் காணாமல் போய்விட்டது’ என்று வந்த கணினிகள் சிலவற்றில் விண்டோஸ் பத்திரமாகவே இருந்தது. பயோஸில் முறையை மாற்றியதும் எழும்பியது.

விண்டோஸ் நிறுவி ‘இந்த வட்டில் எம்.பி.ஆர். அட்டவணை இருக்கிறது, ஜி.பி.டி. வேண்டும்’ என்று மறுப்பதும் இதே சங்கதிதான். இரண்டும் வட்டின் பகுதிகளைக் குறித்து வைக்கும் அட்டவணை வகைகள். யூ.ஈ.எஃப்.ஐ.-க்கு ஜி.பி.டி., பழைய பயோஸுக்கு எம்.பி.ஆர். என்ற சோடியை விண்டோஸ் கண்டிப்பாகக் கேட்கும். ரூஃபஸிலும் ‘பார்ட்டிஷன் ஸ்கீம்’ என்ற இடத்தில் அந்தச் சோடியைத் தெரிவு செய்யவேண்டும். வட்டில் உள்ளதை அழித்து ஜி.பி.டி. ஆக்குமுன் அடுத்த பதிலைப் படியுங்கள்.

என் படங்கள், ஆவணங்கள் எல்லாம் அழிந்துவிடுமா?

பென்னில் இருப்பது நிச்சயம் அழியும். வன்தட்டில் இருப்பது, நிறுவும்போது நீங்கள் எந்தத் தெரிவை அழுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

2019-இல் நான் லினக்ஸ் கட்டளை வரியில் ஒரு பென்னை எழுதினேன். வட்டின் பெயரில் ஓர் எழுத்தைப் பிழையாகத் தட்டிவிட்டேன். எழுதப்பட்டது பென்னில் அல்ல, அருகே கொழுவியிருந்த வெளி வன்தட்டில். அதில் அப்பம்மா கதைத்த ஒலிப்பதிவுகள் இருந்தன: இடம்பெயர்ந்த நாட்கள், அவர் பாடும் தாலாட்டு. வேறு பிரதி இல்லை. மீட்பு மென்பொருள்களில் மூன்று நாள் இருந்தேன். இரண்டு துண்டுகள் மட்டும் கிடைத்தன.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். எழுதத் தொடங்கு முன் மற்ற எல்லாப் பென்னையும் வன்தட்டையும் கழற்றி வையுங்கள். ரூஃபஸ் வெளி வன்தட்டுகளை இயல்பாகப் பட்டியலில் காட்டாது. அந்தக் காவலை நீக்காதீர்கள். முக்கியமானவற்றை இரண்டு இடங்களில் பிரதி எடுத்து, ஒரு கோப்பையாவது அங்கிருந்து திறந்து பார்த்த பிறகு மட்டும் தொடங்குங்கள். 1981-இல் எங்கள் பொது நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் போயின. ஒற்றைப் பிரதி என்பதன் பொருள் இந்த ஊருக்குத் தெரியும்.

‘செக்யூரிட்டி வயலேஷன்’ என்று சிவப்புக் கட்டம் வருகிறது. வைரஸா?

இல்லை. செக்யூர் பூட் என்ற காவல், கையொப்பம் சரியில்லாத தொடக்கக் கோப்பைத் தடுக்கிறது. மின்டும் உபுண்டுவும் மைக்ரோசாஃப்டின் கையொப்பத்தோடு வருவதால் வழக்கமாகத் தடை இருக்காது. ஆனால் 2024 ஆகஸ்ட் 13ஆம் திகதி வந்த விண்டோஸ் புதுப்பிப்பு பழைய தொடக்கக் கோப்புகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அதன்பின் பல பழைய லினக்ஸ் பென்கள் ‘எஸ்.பி.ஏ.டி.’ என்ற சொல்லுள்ள பிழையோடு நின்றன. மருந்து எளிது: புதிய ஐ.எஸ்.ஓ-வை இறக்கி மீண்டும் எழுதுங்கள். மேசை இழுப்பறையில் இரண்டு ஆண்டு கிடந்த பென்னை நம்பவேண்டாம்.

வென்டோய் முதல் தடவை தன் சாவியைப் பதிவு செய்யக் கேட்கும். நீலத் திரையில் ‘என்ரோல் கீ’ வழியாகப் போய் ஒருமுறை ஒப்புக்கொண்டால் போதும். அதுவும் முடியாவிட்டால் பயோஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தலாம். ஏசரில் அந்த வரி மங்கலாக இருந்தால், முதலில் சூப்பர்வைசர் கடவுச்சொல் ஒன்றை இட்டால் திறக்கும். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தொடுமுன் ஓர் எச்சரிக்கை. வட்டை மறைகுறியாக்கும் பிட்லாக்கர் பூட்டு இருக்கும் கணினியில் இந்த அமைப்பை மாற்றினால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பலருக்குத் தங்கள் கணினியில் அந்தப் பூட்டு இருப்பதே தெரியாது. புதிய விண்டோஸ் 11 கணினிகளில் அது தானாகவே போடப்படுகிறது. சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணக்கு கணினியைத் தந்த மாமாவின் பெயரில் இருந்தால், அவர் விழித்திருக்கும் நேரம் பார்த்து முதலில் அதை வாங்குங்கள்.

மின்டின் சின்னம் வருகிறது, பிறகு கறுப்புத் திரை.

என்விடியா அட்டையுள்ள கணினிகளில் இது அடிக்கடி நடக்கும். பென்னின் முதல் மெனுவில் ‘கம்பாட்டிபிலிட்டி மோட்’ என்ற வரியைத் தெரிவு செய்யுங்கள். நிறுவிய பின் டிரைவர் மேனேஜரைத் திறந்து அது சிபாரிசு செய்யும் என்விடியா டிரைவரைப் போட்டால் தீரும்.

விண்டோஸ் நிறுவி வன்தட்டே இல்லை என்கிறது. ஆனால் நேற்றுவரை கணினி ஓடியதே?

இன்டெல் 11ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும் வி.எம்.டி. என்ற அடுக்கின் பின்னால் வட்டை வைத்திருக்கக்கூடும். நிறுவிக்கு அதன் டிரைவர் தெரியாவிட்டால் வட்டு தெரியாது. கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென்னில் ஒரு கோப்புறையில் வைத்து, ‘லோட் டிரைவர்’ வழியாகக் காட்டுங்கள்.

பயோஸில் ஏ.எச்.சி.ஐ. என்ற சாதாரண வட்டு முறைக்கு மாற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். வட்டை முழுதாக அழித்து நிறுவுவதானால் சரி. உள்ளே இருக்கும் விண்டோஸைக் காப்பாற்ற விரும்பினால் அப்படியே மாற்றாதீர்கள். அது எழும்பாமல் நீலப் பிழைத்திரையில் விழும்.

மின்டிலிருந்து விண்டோஸுக்குத் திரும்ப வேண்டும். மின்டிலேயே விண்டோஸ் பென் செய்தேன், எழும்பவில்லை.

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களை எனக்கு நன்றாக விளங்கும். கணக்கியல் மென்பொருளோ அலுவலக வேலையோ விண்டோஸைக் கேட்கிறது. வீட்டில் வேறு கணினி இல்லை. அவர்கள் செய்ததில் தவறு ஒன்றுமில்லை, கருவிதான் பொருத்தமில்லை.

லினக்ஸ் ஐ.எஸ்.ஓ-க்கள் வட்டிலும் பென்னிலும் எழும்பும்படி இரட்டை அமைப்போடு கட்டப்பட்டவை. அதனால் யூ.எஸ்.பி இமேஜ் ரைட்டரோ எட்சரோ பைட்டுக்குப் பைட் எழுதினாலே போதும். விண்டோஸ் ஐ.எஸ்.ஓ அப்படிக் கட்டப்படவில்லை. அதன் கோப்புகளை விரித்து எழுதவேண்டும். அதிலும் ஒரு முட்டுக்கட்டை: ‘இன்ஸ்டால்.விம்’ என்ற ஒரு கோப்பு மட்டும் 4 ஜி.பி.யைத் தாண்டுகிறது. யூ.ஈ.எஃப்.ஐ. எல்லாக் கணினியிலும் படிக்கும் ஃபேட்32 அமைப்போ 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. ரூஃபஸ் இதைத் தாண்ட, என்.டி.எஃப்.எஸ். அமைப்பில் எழுதி, அதைத் திறக்கும் ஒரு சிறு துணைப் பகுதியையும் பென்னில் சேர்க்கிறது. ஆனால் ரூஃபஸ் விண்டோஸில் மட்டும் ஓடும்.

மின்டில் இருப்பவருக்கு வழி வென்டோய். அதைப் பென்னில் நிறுவி, விண்டோஸ் ஐ.எஸ்.ஓ-வைப் பிரதி செய்தால் முடிந்தது. நிறுவியில் லினக்ஸ் பகுதிகள் பெயரில்லாமல் தெரியும். பிரதி எடுத்தாயிற்று என்றால் அவற்றை நீக்கி, காலி இடத்தைத் தெரிவு செய்து தொடருங்கள்.

பாரிஸிலிருந்து சித்தப்பா அனுப்பிய கணினி. போட்ட கடவுச்சொல்லே ஏற்கவில்லை.

பிரான்ஸ் விசைப்பலகையில் ஏ-யும் கியூ-வும் இடம் மாறியிருக்கும், இசட்டும் டபிள்யூவும் அதேபோல மாறியிருக்கும். இலக்கங்களுக்கு ஷிஃப்ட் வேண்டும். நிறுவும்போது ஆங்கில விசைப்பலகை என்று தெரிவு செய்துவிட்டு, விசையில் அச்சிட்டதைப் பார்த்துத் தட்டினால், கடவுச்சொல் வேறொன்றாகப் பதிந்துவிடும். நிறுவும்போதே பிரெஞ்சு என்று கொடுங்கள், கீழே உள்ள பெட்டியில் தட்டிப் பாருங்கள். ஜேர்மனியிலிருந்து வந்தால் ஒய்-யும் இசட்டும் மாறியிருக்கும்.

அலுவலகம் ஒன்றில் இருந்து கழித்த கணினி என்றால் பயோஸுக்கே கடவுச்சொல் இருக்கலாம். அதைப் பென்னால் தாண்ட முடியாது. அனுப்பியவர் வழியாக அந்த நிறுவனத்தையே கேட்டு விடுவிக்கவேண்டும்.

வேலை முடிந்தது. இப்போது 32 ஜி.பி. பென், சில எம்.பி. மட்டும் காட்டுகிறது.

பழுதில்லை. லினக்ஸ் எழுதிய பகுதிகளை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. ரூஃபஸில் ‘நான் பூட்டபிள்’ என்று தெரிவு செய்து தொடங்கினால் முழு அளவும் திரும்பும். மின்டில் யூ.எஸ்.பி ஸ்டிக் ஃபார்மேட்டர் இருக்கிறது.

உண்மையில் பழுதான பென்னும் உண்டு. நம்பமுடியாத மலிவு விலையில் 1 டி.பி. என்று வருபவை பெரும்பாலும் போலி: சிறிய சில்லை வைத்து, பெரிய அளவைச் சொல்லும்படி செய்திருப்பார்கள். இடம் முடிந்ததும் எழுதுவது எல்லாம் காற்றில் போகும், பிழைச் செய்தியும் வராது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழுப் பென்னையும் எழுதிப் படித்து உண்மையைச் சொல்லும்.

இடையில் மின்சாரம் போனால்?

2022 மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்த நாங்கள் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. பென் எழுதும்போது போனால் மீண்டும் எழுதலாம். நிறுவும்போது போனால் மீண்டும் நிறுவலாம். ஆனால் விண்டோஸ் பகுதியைச் சுருக்கி இடம் பிரிக்கும் அந்தச் சில நிமிடங்களில் போனால் தரவு போகலாம். மடிக்கணினியின் மின்கலம் நிறைந்திருக்கட்டும். மேசைக் கணினிக்கு யூ.பி.எஸ். இல்லாமல் தொடங்கவேண்டாம்.

பென்னைக் கழற்றினால் கணினி எழும்பவில்லை. கொழுவினால் எழும்புகிறது.

தொடக்க ஏற்றி வன்தட்டில் பதியாமல் பென்னில் பதிந்துவிட்டது. பழைய பயோஸ் முறையில் நிறுவும்போது கேட்கும் ‘பூட் லோடர் எங்கே’ என்ற கேள்வியில் பென் தெரிவாகியிருக்கும். மின்ட் பென்னில் மறுபடி எழும்பி ‘பூட் ரிப்பேர்’ கருவியை ஓடவிட்டு, வன்தட்டைக் காட்டுங்கள்.

மின்டில் என் பாமினிக் கடிதங்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகின்றன.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியவை கோப்புக்குள் ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கின்றன. எழுத்துரு மட்டும் தமிழ் முகத்தைக் கொடுக்கிறது. எனவே விண்டோஸை அழிக்குமுன் பாமினி எழுத்துருக் கோப்பையும் பிரதி எடுங்கள். மின்டில் அதை இரட்டைச் சொடுக்கி ‘இன்ஸ்டால்’ அழுத்தினால் பழைய கடிதங்கள் திரும்பத் தெரியும். தட்டச்சுக்கு ஐபஸ் எம்17என் தொகுப்பில் தமிழ்99, ரெங்கநாதன், தட்டச்சுப்பொறி அமைப்பு எல்லாம் கிடைக்கும்.

மெல்ல மெல்ல யூனிக்கோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. மாற்றிகள் கலந்து கிடக்கும் ஆங்கிலச் சொற்களையும் பாமினி என்று நினைத்து மாற்றிவிடும். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் வரும் ஆங்கில ‘வி’, பாமினிக் கணக்கில் ‘ஏ’. காணி உறுதிப் பிரதிகளையும் விண்ணப்பங்களையும் மாற்றிய பிறகு, இலக்கம் உள்ள ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு வைத்துப் பாருங்கள்.